முகத்தில் நிம்மதி

காலை ஐந்து மணிக்கு அம்மா ஒரு வாய் டீயை மகளுக்குப் புகட்டி, மீதியைத் தன் வாயில் கவிழ்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு ஓடுவாள். ஐந்தரைக்கு அண்ணன் பள்ளிக்கூட வேனை எடுக்கக் கிளம்புவான். பத்தே காலுக்குப் பராமரிப்பு அக்கா வருவாள். நடுவில் இருக்கிற நேரம் முழுக்கப் பட்டதாரிக்குச் சொந்தம். கட்டிலில் மல்லாந்து கிடந்து, மின்விசிறியின் மூன்று இறக்கைகளில் எதில் தூசி அதிகம் என்று அவள் தாராளமாக ஆராய்ச்சி செய்யலாம்.

பட்டதாரி என்பது அண்ணன் வைத்த பெயர். கிண்டலுக்குத்தான் வைத்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துக் கல்லூரி வாசலை மிதித்த ஒரே ஆள் அவள்தான் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. மிதித்ததும் இரண்டே வருடம். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி அவள் சைக்கிளைத் தட்டிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. மிச்சப் படிப்பைப் படுத்துக்கொண்டே முடித்தாள். இப்போது வயது இருபத்தாறு. மார்புக்குக் கீழே உணர்வு இல்லை. கைகளைத் தூக்கலாம், விரல்களால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. உள்ளங்கையில் ஒரு பட்டையைக் கட்டி, அதில் ரப்பர் வைத்த பென்சிலைச் செருகிக்கொண்டுதான் போனைத் தட்டுவாள், பக்கம் புரட்டுவாள். இத்தனை அடிபட்டும் நாக்கில் ஒரு கீறல்கூட விழவில்லையே என்பது சொந்தக்காரர்களின் நீங்காத வருத்தம்.

அவளைக் கவனித்துக்கொள்ள வந்து சேர்ந்த நிறுவனம் வயதானவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. மேலிடத்தில் யாரோ கேட்டார்கள் என்று போன வருடம் 'இளையோர் பிரிவு' என்று புதிதாக ஒரு பலகை மாட்டினார்கள். பலகைதான் புதிது. மற்றதெல்லாம் பழைய சரக்கு. சேர்க்கைப் படிவத்தில் எட்டாவது கேள்வி, பேரப்பிள்ளைகள் எத்தனை பேர். பதினொன்றாவது கேள்வி, பல்செட் உண்டா. அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு கம்பளிக் குல்லாவும் ஒரு கைத்தடியும் அனுப்பிவைத்தார்கள். நடக்கவே முடியாதவளுக்குக் கைத்தடி. அதை அண்ணன் எடுத்துப் போய், பிள்ளைகள் வேன் சீட்டுக்கு அடியில் விட்டுப்போகும் தண்ணீர் பாட்டில்களை இழுக்கப் பயன்படுத்தினான். உருப்படியான ஒரே பரிசு அதுதான் என்று நன்றியும் சொன்னான்.

பராமரிப்பு அக்கா முதல் வாரம் அவளைப் "பாட்டி" என்றே கூப்பிட்டாள்.

"குளிக்கலாமா பாட்டி?"

"அக்கா, நான் உங்க பொண்ணு வயசு."

"அய்யோ, வாய் பழகிப்போச்சு பாப்பா. தினமும் பாட்டிங்களையே பாக்கறேன்ல."

பாட்டி போய் பாப்பா வந்தது. இருபத்தாறு மட்டும் வரவேயில்லை.

அவளை எழுப்பி உட்கார வைப்பது சின்ன வேலை இல்லை. சிறுநீர்ப் பையைக் காலி செய்து மாற்ற வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு மலம் எடுக்க வேண்டும். புரட்டிப் போட்டு முதுகு, இடுப்பு, குதிகால் எங்கேயாவது தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பு புண்ணானால் மூன்று மாதம் படுக்கை. பிறகு குளிப்பாட்டி, துணி மாற்றி, வழுக்குப் பலகையைப் போட்டுச் சக்கர நாற்காலிக்குச் சறுக்கிவிட வேண்டும். வேகமாகச் செய்தாலும் ஒன்றரை மணி நேரம். அம்மா ஐந்து வருடம் தூக்கித் தூக்கித் தன் இடுப்பை ஒடித்துக்கொண்டாள். இனி ஒரு வாளியைத் தூக்கினாலும் என்னிடம் வராதே என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அண்ணன் செய்யக்கூடிய வேலை இது இல்லை. ஆக, அக்கா வந்தால்தான் அவளுக்கு விடியும். அந்த வீட்டில் சூரியன் பத்தே காலுக்குத்தான் உதிக்கும்.

இதற்கு நடுவில்தான் அவளுக்கு வேலை கிடைத்துத் தொலைத்தது.

மருந்துக் கிடங்கு ஒன்றில் பதிவுச் சரிபார்ப்பு வேலை. ஏட்டில் இருப்பதும் அலமாரியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். தேர்வுக்கு இருபது பக்கம் கொடுத்து அதில் உள்ள பிழைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பதினாறு பிழைகளையும் கண்டுபிடித்துவிட்டு, பதினேழாவதாகக் கேள்வித்தாளிலேயே தேதி தப்பு என்று எழுதிக்கொடுத்தாள். கிடங்கு மேலாளர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "வர திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை. எட்டரைக்கு வந்துடணும். இங்க சாய்தளம் இருக்கு, லிஃப்ட் இருக்கு, கழிப்பறை அகலமா இருக்கு. எல்லாம் இருக்கு, நேரத்துக்கு வர ஆள்தான் எங்களுக்கு இல்ல. முதல் நாளே லேட்டுன்னா பட்டியல்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன்."

போவதற்கும் வழி இருந்தது. அண்ணனின் வேன் கடைசிப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஏழே முக்காலுக்கு இந்தத் தெரு வழியாகத்தான் போகும். பள்ளிக்கூடத்தைத் தாண்டி இரண்டாவது வளைவில் கிடங்கு. பின் சீட்டைக் கழற்றிவிட்டுச் சக்கர நாற்காலியை ஏற்ற அண்ணன் இரண்டு தடவை ஒத்திகையும் பார்த்துவிட்டான். இல்லாதது ஒன்றே ஒன்றுதான். காலை ஆறு மணிக்கு அக்கா.

நேர மாற்றத்துக்கு மனு எழுதிப் போட்டாள். மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் போன் செய்தார். காதுகேளாத கிழவர்களோடு பழகிப் பழகி அவருக்கு எல்லோரிடமும் கத்திப் பேசுகிற வியாதி.

"என்னம்மா! நல்லா இருக்கீங்களா! சாப்டீங்களா!"

"காது நல்லா கேக்குது சார். மனு என்னாச்சு?"

"அது கஷ்டம்மா. காலை நேரம் முழுக்கப் பெரியவங்களுக்கு ஒதுக்கியாச்சு. அவங்க விடியறதுக்கு முன்னாடியே எழுந்துடுவாங்க. நீங்க சின்னப் பொண்ணு, நல்லா தூங்குங்க!"

"நான் அஞ்சு மணிக்கே முழிச்சுக்கறேன் சார்."

"அப்படி ஏட்டுல இல்லையே. ஒன்பதரை வரைக்கும் நிம்மதியா தூங்கறீங்கன்னு பதினோரு மாசமா பதிவாகியிருக்கு. நானே நேர்ல வந்து பார்த்திருக்கேன்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார், அதாவது சாதாரண மனிதர் பேசுகிற சத்தத்துக்கு வந்தார். "இன்னொண்ணும் சொல்றேன், தப்பா நினைச்சுக்காதீங்க. வேலைக்குப் போற அளவுக்குத் தெம்பு வந்துருச்சுன்னா, பராமரிப்பே எதுக்குன்னு மேல கேப்பாங்க. இருக்கறதையும் எடுத்துடுவாங்க. யோசிச்சுக்குங்க. வியாழக்கிழமை நானே வீட்டுக்கு வந்து பேசறேன்."

அதாவது, பராமரிப்பு வேண்டுமென்றால் வேலைக்குப் போகக்கூடாது. வேலைக்குப் போக வேண்டுமென்றால் பராமரிப்பு வேண்டும். இந்த முடிச்சைப் போட்டவன் எவனோ, நிச்சயமாகக் காலையில் தானே எழுந்து தானே பல் தேய்க்கிறவன்.

அம்மாவுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் காதில் விழுந்தது.

"இருக்கறதும் போயிடும்டி. பேசாம இரு. அந்தப் பொம்பளையும் வரலைன்னா உன்னை யாரு புரட்டிப் போடறது? எனக்கு இடுப்பு இருக்கா?"

"அப்போ நான் சாகற வரைக்கும் ஃபேனைப் பாத்துட்டு கிடக்கணுமாம்மா?"

"ஏன்டி சாவு கீவுன்னு பேசற? படிச்சா வாயடக்கம் வரும்னு சொன்னாங்க. எங்க வந்துச்சு?"

"பட்டதாரிக்கு டிகிரி குடுத்தாங்க, பூட்டு குடுக்கலம்மா," என்றான் அண்ணன்.

'நானே நேர்ல வந்து பார்த்திருக்கேன்.' இந்த வாக்கியம்தான் அவளைக் குடைந்தது. பதினோரு மாதத்தில் மேற்பார்வையாளர் அந்த வீட்டுக்கு வந்தது ஒரே தடவை. சேர்க்கைப் படிவம் நிரப்ப வந்து, பேரப்பிள்ளைக் கேள்வியையும் கேட்டுவிட்டுப் போனார்.

பராமரிப்பு ஏடு அலமாரியின் மேல் தட்டில் இருக்கும். தடித்த அட்டை, நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு இருபத்தாறு கட்டம். அக்கா தினமும் எடுத்து ஏதோ பார்த்துவிட்டு வைப்பாள். தன்னைப் பற்றி எழுதியிருக்கும் அந்த ஏட்டைப் பட்டதாரி ஒருநாளும் படித்ததில்லை. கேட்டால், "அது ஆபீஸ் சமாச்சாரம் பாப்பா" என்று பதில் வரும். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணனிடம் சொல்லி அதை இறக்கித் தலைமாட்டில் வைக்கச் சொன்னாள். மறுநாள் காலை ஐந்தரைக்கு, கையில் பென்சிலைக் கட்டிக்கொண்டு, மின்விசிறிக்கு விடுமுறை கொடுத்தாள்.

படிக்கப் படிக்க அவளுக்கே பொறாமையாக இருந்தது. எவ்வளவு சொகுசான வாழ்க்கை வாழ்ந்திருக்கிறாள்! 'பெரியவர் ஒன்பதரை வரை நிம்மதியாக உறங்கினார். காலை உணவை விரும்பி உண்டார். மலம் சீராக உள்ளது. கடவுளை வேண்டினார். மதியம் இரண்டு முதல் நான்கு வரை உறக்கம். மாலை பழைய நினைவுகளைப் பகிர்ந்தார்.' நேற்றும் அப்படித்தான், அதற்கு முந்தைய நாளும் அப்படித்தான். காய்ச்சலில் கொதித்த வாரத்திலும் பெரியவர் உணவை விரும்பி உண்டிருந்தார். மலம் சீராக இருக்கிறது என்று எழுத ஒரு வரி. எடுப்பதற்கு நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மனப்பாடப் பாட்டு ஒன்றை ஒப்பிப்பாளே, அதைத்தான் கடவுள் வேண்டுதலில் சேர்த்தார்களோ என்னவோ.

இன்னும் புரட்டினாள். இன்று புதன்கிழமை. நாளை வியாழன் பக்கம் நிரம்பியிருந்தது. வெள்ளி நிரம்பியிருந்தது. சனியும் ஞாயிறும் நிரம்பியிருந்தன. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் எந்தப் பழைய நினைவைப் பகிரப்போகிறாள் என்பது இப்போதே பதிவாகிவிட்டது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு சிவப்புக் கட்டம். 'மேற்பார்வையாளரின் நேரடி ஆய்வு. முன்னறிவிப்பின்றி.' இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதிலும் எழுதியிருந்தது. பச்சை மை, வளைந்து வளைந்து ஓடும் கையெழுத்து. 'நேரில் கண்டேன். நேரம் 10.45. முகத்தில் நிம்மதி.' அடுத்ததில், 'நேரில் கண்டேன். முகத்தில் மலர்ச்சி.' அதற்கடுத்து மறுபடி நிம்மதி. நிம்மதியும் மலர்ச்சியும் மாறி மாறி, அடுத்த மூன்று மாதம் வரைக்கும் முன்னறிவிப்பில்லாத ஆய்வுகள் முன்கூட்டியே முடிந்திருந்தன.

சிரிப்பு வந்தது. சிரித்தால் அவளுக்கு உணர்வில்லாத தொடை தானாகத் துள்ளும். துள்ளிய துள்ளலில் ஏடு சரிந்து வயிற்றில் விழுந்தது. சரிந்த பக்கத்தில் ஒரு தேதி. அந்தத் தேதியை எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. கண்ணுக்கு நேரே சுவரில் தொங்கியது.

அது நிறுவனத்தின் நாட்காட்டி. இந்த மாதத்துக்கான படத்தில் இருப்பது அவளேதான். ஆறு மாதத்துக்கு முன்னால் நிறுவனத்தின் பத்தாம் ஆண்டு விழா. பெரிய மண்டபம். மேடையில் சக்கர நாற்காலியில் அவளை நிறுத்தி, பின்னால் அக்காவை நிறுத்தி, மேற்பார்வையாளர் மைக்கில் உருகினார். "இந்தக் குழந்தைக்கு நாங்கள்தான் கை! நாங்கள்தான் கால்!" குழந்தை பேச ஆரம்பித்தால் என்ன பேசும் என்று அறிந்தவராதலால் மைக்கை அவள் பக்கம் நீட்டவில்லை. ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார். சும்மா கொடுத்தாரா? மேடையிலேயே பேட்டரி போட்டு, தன் போனைப் பார்த்து முள்ளைத் திருப்பி, "நேரத்தின் அருமை தெரிந்தவர்கள் நாங்கள்!" என்று கைத்தட்டல் வாங்கிக்கொண்டு அவள் மடியில் வைத்தார். அப்போது எடுத்த படம் அது. தலைக்கு மேலே துணிப் பதாகையில் தேதி. மடியில் கடிகாரம், பத்து நாற்பத்தைந்து. பக்கத்தில் மேற்பார்வையாளர், வாயெல்லாம் பல்.

ஏட்டில் அதே தேதி. 'படுக்கையில் உடல் துடைக்கப்பட்டது. பெரியவர் மீண்டும் கண்ணயர்ந்தார்.' அடியில் பச்சை மை. 'நேரில் கண்டேன். நேரம் 10.45. வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் நிம்மதி.'

பட்டதாரி ஏட்டையும் சுவரையும் மூன்று தடவை மாறி மாறிப் பார்த்தாள். பதினெட்டாவது பிழை.

பத்தே காலுக்குக் கதவு திறந்தது. கட்டிலில் ஏடு விரிந்து கிடப்பதைப் பார்த்ததும் அக்காவின் முகம் வெளுத்தது. பையைக்கூட இறக்கவில்லை.

"பாப்பா, அதை ஏன் எடுத்த?"

"நாளைக்கு நான் எத்தனை மணிக்குத் தூங்கப்போறேன்னு பாக்கத்தான்கா. நேரம் தெரிஞ்சா தயாரா இருக்கலாம்ல?"

அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பிறகு பேசியது முழுக்க ஒரே மூச்சில் வந்தது.

"ஏழு வீடு பாப்பா. வீட்டுக்கு இருபத்தாறு கட்டம். ஒழுங்கா உக்காந்து எழுதினா அரை மணி. அந்த அரை மணியை எங்க இருந்து எடுக்கறது? உன்னைப் புரட்டறதுல இருந்தா? தோல் பாக்கறதுல இருந்தா? ஒரு கட்டம் காலியா இருந்தாலும் கூலியைப் பிடிக்கறாங்க. உன் முதுகுல புண்ணு வந்தா எவனும் கேக்க மாட்டான். அதான் ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுல உக்காந்து ஒரு வாரத்துக்கு எழுதிடுவேன், திங்கக்கிழமை கொண்டாந்து ஏட்டுல ஒட்டிடுவேன். சாரோட பச்சைக் கையெழுத்து ஏடு ஆபீஸ்ல இருந்து வரும்போதே போட்டுத்தான் வரும். பாட்டிங்களுக்கு எழுதறதே கைல வந்துரும். பதினோரு மாசத்துல உன் உடம்புல ஒரு புண்ணு வந்திருக்கா? சொல்லு."

வந்ததில்லை. அதுதான் உண்மை. ஏட்டில் இல்லாத உண்மை.

"கோவமாத்தான் இருக்கு உங்க மேல," என்றாள் பட்டதாரி. "நீங்க எழுதின தூக்கத்தை வச்சுத்தான் அந்த ஆள் என் வேலையில கை வைக்கறான்."

"என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதம்மா."

"அந்த ஏழு வீட்டுல காலை ஆறு மணி வீடு எது?"

"தாத்தா ஒருத்தர். ஆனா அவரு எட்டு மணி வரைக்கும் எழுந்திருக்கவே மாட்டாரு. நான் போய் வாசல்ல உக்காந்திருப்பேன். எழுப்பினா திட்டுவாரு."

பட்டதாரி கண்ணை மூடிக்கொண்டாள். விடியற்காலையில் எழுந்துவிடும் பெரியவர் போர்வைக்குள் குறட்டை விடுகிறார். நிம்மதியாகத் தூங்கும் சின்னப் பெண் ஐந்து மணியிலிருந்து விழித்துக் கிடக்கிறாள். நடுவில் ஒரு அக்கா யார் வீட்டு வாசலிலோ உட்கார்ந்து கொசு அடிக்கிறாள். ஏட்டின்படி மூன்று பேர் முகத்திலும் நிம்மதி.

"நாளைக்கு உங்க மேற்பார்வையாளர் வரும்போது நீங்க இங்க இருக்கணும்," என்றாள். "வாயைத் திறக்காதீங்க. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவே. உனக்கு நாக்கு இருக்கு. எனக்கு வயிறு இருக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா கையுறையை மாட்டினாள்.

வியாழக்கிழமை மேற்பார்வையாளர் ஒரு ஆரஞ்சுப் பையோடு வந்தார். நோயாளி என்றால் ஆரஞ்சு. அம்மா அரை நாள் விடுப்புப் போட்டிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டு, அவர் உட்காருவதற்கு முன்பே மூன்று தடவை நன்றி சொல்லிவிட்டாள். அண்ணன் கதவில் சாய்ந்து நின்றான். அக்கா சமையலறை வாசலில், சுவரோடு சுவராக.

"குழந்தை எப்படி இருக்கா!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

"குழந்தை இங்க இருக்கு சார்," என்றாள் பட்டதாரி.

"ஹஹ்ஹா! சுட்டி!" சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "மனுவைப் படிச்சேன். ரொம்ப வருத்தமாத்தான் இருக்கு. ஆனா பதிவேடுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. நாங்க எதையும் பதிவை வச்சுத்தான் முடிவு பண்ணுவோம். உணர்ச்சிக்கு இங்க இடம் கிடையாது. இந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கறேன்னு ஒரு கையெழுத்து, இல்ல ரேகை, போட்டுட்டீங்கன்னா இப்ப இருக்கறது அப்படியே தொடரும்."

"போடுடி," என்றாள் அம்மா மெல்ல. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. இரண்டு நாளாக அவள் கனவில் யாரும் புரட்டிப்போடாத ஒரு மகள் வந்துகொண்டிருந்தாள்.

"போடறேம்மா. அதுக்கு முன்னாடி சார்கிட்ட ஒரு சந்தேகம். பதிவை வச்சுத்தானே சார் முடிவு?"

"நூத்துக்கு நூறு."

"அண்ணா, அந்த ஏட்டைக் குடு. காலண்டரையும் கழட்டு."

அண்ணன் இரண்டையும் கொண்டுவந்து மேற்பார்வையாளரின் முழங்கால் மேலேயே விரித்தான். பட்டதாரி பென்சிலின் ரப்பர் முனையால் பச்சை மையைத் தொட்டாள்.

"இது உங்க கையெழுத்துதானே சார்? பத்து நாப்பத்தஞ்சு. வீட்டுல உறங்கிக்கிட்டிருந்தார். முகத்தில் நிம்மதி." பென்சில் நாட்காட்டிக்கு நகர்ந்தது. "இது உங்க முகம்தானே? அதே தேதி. என் மடியில பாருங்க, பத்து நாப்பத்தஞ்சு. நீங்களே போனைப் பாத்து வச்ச நேரம். எந்த நான் சார் நிஜம்? மேடையில இருந்த நானா, கட்டில்ல இருந்த நானா?"

அந்தப் பரிசுக் கடிகாரம் மட்டும் சுவரில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் படத்தைப் பார்த்தார். பக்கத்தைப் பார்த்தார். ஆள் கெட்டிக்காரர். கடைசியில் சமையலறை வாசலைப் பார்த்தார்.

"இதெல்லாம் இந்தம்மா எழுதி வச்சது. கண்ட கண்டதை எழுதி நம்ம பேரைக் கெடுத்திருக்கு. இன்னிக்கே வேலையை விட்டு எடுத்துடறேன். உங்க நல்லதுக்குத்தான்."

அக்காவின் கை முந்தானையைப் பற்றியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எடுங்க சார்," என்றாள் பட்டதாரி. "ஆனா அக்கா எழுதினது பொய்னா, அதை நேர்ல வந்து பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டது யாரு? அக்கா எழுதினது நிஜம்னா, மேடையில மைக்கைப் பிடிச்சுட்டு நின்னது யாரு? ரெண்டுல எதை மேல அனுப்பறதுன்னு நீங்களே சொல்லுங்க. எனக்குப் பொழுது போகணும், நான் ரெண்டையும் அனுப்பறேன்."

"பிளாக்மெயில் பண்றீங்களா?" அந்த வீட்டில் முதல்முறையாக அவர் கத்தாமல் பேசினார்.

"இல்ல சார். பதிவு சரிபார்க்கறேன். திங்கட்கிழமைல இருந்து அதான் என் வேலை. இன்னொரு சந்தேகம். அந்த விழா அன்னிக்கு என்னைக் கூட்டிட்டுப் போக அக்கா எத்தனை மணிக்கு வந்தாங்க தெரியுமா? காலை ஆறு. உங்க மேடைக்கு நான் வரணும்னா ஆறு மணி கிடைக்குது. என் வேலைக்கு நான் போகணும்னா கிடைக்காது. இது எந்தக் கட்டத்துல சார் வரும்?"

"அடுத்த மூணு மாசத்து நிம்மதியையும் இப்பவே போட்டு வச்சிருக்காரு," என்று அண்ணன் பக்கங்களைப் புரட்டினான். "பாருங்க சார், தங்கச்சி வேலைக்குப் போனப்புறமும் பத்து நாப்பத்தஞ்சுக்கு இங்க வந்து அவ முகத்தைப் பாக்கப்போறீங்க. வீடு பூட்டியிருக்கும். சாவி வேணுமா?"

அம்மா சிரித்துவிட்டாள். சிரிக்கக்கூடாது என்று பயந்துகொண்டே சிரித்தாள். அது பொங்கி வந்து இருமலாக முடிந்தது. மேற்பார்வையாளர் பேனாவை எடுத்தார். பச்சை மை.

'காலை 6.00 – 7.30. இதே பராமரிப்பாளர். உடனடி அமல்.' தேதி போட்டார். எட்டு மணி வரை குறட்டை விடும் தாத்தாவுக்குப் பத்தே கால். வேலைக்குப் போவதால் பராமரிப்பு குறைக்கப்படாது என்று தனியாக ஒரு வரி. அதை அவள் சொல்லச் சொல்ல எழுதினார். "படுக்கைப் புண் பார்த்தல் கட்டாயம்னும் எழுதுங்க சார்" என்றதும் அதையும் எழுதினார். எழுதி முடித்து, ஏட்டைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இதை நான் எடுத்துட்டுப் போறேன். புது ஏடு அனுப்பறேன்."

"இருக்கட்டும் சார்," என்றாள் பட்டதாரி. "அதுல என் பழைய நினைவுகள் இருக்கு."

அவர் ஆரஞ்சை மறந்துவிட்டுப் போனார், அல்லது மறந்தது போல. அம்மா பையைப் பிரித்து ஒன்றை உரித்தபடி புலம்பினாள். "நாளைக்கே எதாவது பண்ணிடுவானோடி?" உடனே, "ஆனா மூஞ்சியைப் பாத்தியா?" என்று மறுபடி சிரித்தாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"நீ ஜெயிச்சுட்ட. முதல் பஸ்ஸைப் பிடிக்க நான் நாலு மணிக்கு எழுந்திருக்கணும்."

"தாத்தா வீட்டு வாசலுக்கும் அதே பஸ்தானேக்கா போச்சு?"

"அங்க போய் வாசல்ல தூங்குவேன். இங்க நீ தூங்க விடுவியா?" என்றாள் அக்கா. பிறகு, பட்டதாரியின் காலைத் தூக்கி மிதிகட்டையில் சரியாக வைத்துவிட்டு, "என் பேரைக் காப்பாத்தினே. அதுக்காகச் சும்மா விடறேன்" என்றாள்.

திங்கட்கிழமை ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்கா வந்தாள். இருவருக்கும் பேச நேரமில்லை. பை, கையுறை, புரட்டல், தோல், குளியல். நீலச் சட்டையின் மேல் பொத்தான் மாட்ட மறுத்தது. பலகையில் சறுக்கும்போது அவசரத்தில் ஒரு முழங்கை இடித்தது. ஏழு முப்பத்தைந்துக்குச் சக்கர நாற்காலி வாசலில் இருந்தது. பதினோரு மாதத்தில், விழா நாள் ஒன்றைத் தவிர, அந்த நேரத்துத் தெருவை அவள் பார்த்ததே இல்லை. எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நுரையை விழுங்கிவிட்டார்.

அப்போது தெருமுனையில் ஒரு கார் நின்றது. மேற்பார்வையாளர் இறங்கினார். கூடவே கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவர். கையில் சுருட்டிய துணிப் பதாகை. 'எங்கள் முயற்சியால் பணிக்குச் செல்லும் இளம் பெண்.' மறுமுனையை அக்காவிடம் நீட்டினார்.

"இதைப் பிடிம்மா! ரெண்டே நிமிஷம்! அடுத்த வருஷ காலண்டருக்கு!"

அக்கா பட்டதாரியைப் பார்த்தாள். பதாகையைப் பார்த்தாள். "கையுறையைக் கழட்டல சார். என்ன தொட்ட கைன்னு தெரியும்ல?" என்றாள். மேற்பார்வையாளர் துணியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

வேன் வந்துவிட்டது. அண்ணன் பின்கதவைத் திறந்து சாய்பலகையை இறக்கினான். ஜன்னல் முழுக்கப் பிள்ளைகளின் முகம். "அக்காவுக்கு மட்டும் சொந்த சீட்டா?" என்று ஒன்று கேட்டது. "அதுல பிரேக் இருக்கா?" என்று இன்னொன்று. கேமராக்காரர் ஓடிவந்து குனிவதற்குள் அண்ணன் கதவை அறைந்து சாத்தினான். படத்தில் ஒரு வேனின் பின்பக்கமும் 'குழந்தைகள் உள்ளனர்' என்ற எழுத்தும் விழுந்திருக்கும்.

"அக்கா!" ஜன்னல் வழியாகக் கத்தினாள் பட்டதாரி. "இன்னிக்குப் பக்கத்துல என்ன ஒட்டியிருக்கீங்க?"

"ஒண்ணும் ஒட்டல. நேத்து எழுதவே இல்ல. நீ என்ன கேப்பியோன்னு பயம்."

"அப்போ சொல்றேன், எழுதுங்க. அந்தச் சிவப்புக் கட்டத்துல."

அக்கா இடுப்பிலிருந்து பேனாவை எடுத்து, கையுறையைக் கழற்றி, கக்கத்தில் இடுக்கியிருந்த ஏட்டை வாசல் சுவரில் வைத்துக்கொண்டாள்.

"மேற்பார்வையாளர் நேர்ல வந்தார். நேரம் ஏழு நாற்பத்தி நாலு." வேன் நகரத் தொடங்கியது. பட்டதாரி குரலை உயர்த்தினாள், தெருவுக்கே கேட்கும்படி. "முகத்தில் நிம்மதி இல்லை!"

அக்கா எழுத்துக்கூட்டி எழுதி முடித்தாள். பிறகு ஏட்டையும் பேனாவையும் மேற்பார்வையாளரிடம் நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க சார்."